கைதட்டாத ஒன்பது நிமிஷம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை. கரை வேட்டி கட்டிய ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் வந்து, “ஓணான் வந்துச்சா?” என்று கேட்டார்.

நான் விழித்தேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் ரெக்கார்டிங் சென்டரில் ஓணானுக்கு என்ன வேலை? முதலாளி தனகோட்டி என்னை ஒதுக்கிவிட்டு, “கேசட்டு காப்பி ஓடிக்கினு இருக்குதுண்ணே, குந்துங்க” என்றார். பிறகு என் காதில் விஷயத்தைச் சொன்னார். முந்தின வாரப் பொதுக்கூட்டத்தில் ஒரு கட்சியின் பேச்சாளர் எதிர்க்கட்சித் தலைவரை ஓணான் என்று அரை மணி நேரம் திட்டித் தீர்த்திருந்தார். நிறம் மாறுகிறதாம், வேலி தாண்டுகிறதாம், எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறதாம். அந்தப் பேச்சுக்கு ஊரில் பெயரே ஓணான்தான்.

கேசட்டைப் போட்டுக் காட்டினோம். வந்தவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

எனக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. “இதுக்கு முன்னாடி இன்னா பேசினாருங்க?” என்றேன்.

“முன்னாடியா? ஏரி, மதகு, தூரு வாரறதுன்னு இன்னாவோ சொல்லிக்கினு இருந்தாரு. அத்தையெல்லாம் எவன் தம்பி கேப்பான்? நீ ஓணான் மட்டும் ரெண்டு காப்பி போடு.”

இந்த வேலையின் முதல் பாடம் எனக்கு அப்படிக் கிடைத்தது. அது தப்பான பாடம் என்று தெரிய மூன்று வருஷம் ஆயிற்று. இப்போது வேலையை விட்டுவிட்டேன். ஆனாலும் புதிதாகக் கூட்டப் பதிவு எடுக்க வருகிறவர்கள், எந்த டேப் டெக் வாங்கலாம், அதன் ஹெட்டை எதைக் கொண்டு துடைக்கலாம் என்று என்னிடம் கேட்க வருகிறார்கள். அதையெல்லாம் நின்றுகொண்டே சொல்லிவிடலாம். மற்றதை உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு.

ஊசி

எங்கள் பக்கம் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. சின்னசேலம் போன பஸ் பாதி வழியில் திரும்பி வரும். சாலையில் மரம் கிடக்கிறது என்பார்கள். படிப்பு, வேலை, யாருக்கு எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்தது. நான் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பதிந்துவிட்டுக் காத்திருந்தவன். எனக்கும் அது தலைபோகிற விஷயம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு அனுப்புகிற என் அப்பா, “இந்தக் கணக்குல நீ எங்க வர்ற?” என்று சோற்றுத் தட்டின் முன்னால் கேட்பார். எனக்குத் தெரியாது. மேடையில் சொல்வார்கள் என்று ஆவலாகப் போவேன். கூட்டத்தைப் பதிவு செய்வதுதான் வேலை என்பதால் எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் போவேன்.

மேடையில் அதைச் சொல்லவில்லை. ஒரு கட்சி எதிராளியை ஓணான் என்றது. எதிராளி கட்சி இவர்கள் ஆளைச் சாறு பிழிந்த கரும்புச் சக்கை என்றது. எத்தனை பேருக்கு, எந்த முறையில், எப்போதிலிருந்து என்று கேட்டால் பதில் இல்லை. எப்போதாவது ஒருவர் ஆரம்பித்தாலும் கூட்டம் பீடி பற்ற வைக்கப் போய்விடும்.

தனகோட்டி அண்ணன் சொல்வார்: “டெக்கு மீட்டருல ஊசிய பாருடா சேகரு. ஜனம் கைத்தட்டினா செவப்புக்குப் போவும். அங்கதான் சரக்கு.”

பேச்சு இரண்டு மணி நேரம் போகும். ஒரு கேசட் வாங்குகிறவர்தான் ஜாஸ்தி. அதில் ஒரு மணி நேரம்தான் பிடிக்கும். ஆகவே வெட்ட வேண்டும். கூட்டத்தில் எடுத்த மூல டேப்பான மாஸ்டரை ஒரு டெக்கில் ஓடவிட்டு, இன்னொரு டெக்கில் பதிவை நிறுத்திவைக்கிற பாஸ் பட்டனை அழுத்தி அழுத்தி எடுத்து, வேண்டியதை மட்டும் காப்பியில் சேர்ப்போம். அண்ணன் இதைக் குத்துமதிப்பாகச் செய்துகொண்டிருந்தார். நான்தான் அதற்கு ஒரு முறை கண்டுபிடித்தேன். கூட்டத்திலேயே ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, டெக்கில் ஓடும் கவுண்டர் எண்ணைக் குறித்து, பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுவேன். வசவு என்றால் ‘வ’. சிரிப்பு என்றால் ‘சி’. கைதட்டல் ‘கை’. ஊசி அசையாமல் கிடந்தால் ‘ம’, அதாவது மந்தம். மறுநாள் காலை நோட்டைப் பார்த்து ‘ம’வையெல்லாம் தாண்டிக்கொண்டே போனால் ஒரு மணி நேரக் கேசட் ரெடி. பேச்சைத் திரும்பக் கேட்கவே வேண்டாம்.

அதோடு விட்டேனா? ஒரு பக்கம் இந்தக் கட்சியின் வசவு, மறுபக்கம் அந்தக் கட்சியின் வசவு என்று ஒரே கேசட்டில் தொகுத்தேன். “நீ பொழைக்கத் தெரிஞ்சவன்டா” என்று அண்ணன் தோளில் தட்டினார். இரண்டு கட்சிக்காரரும் வாங்கினார்கள். எதிராளி பக்கத்தையும் திருப்பிப் போட்டுக் கேட்டு, மறுகூட்டத்துக்குப் பதில் வசவு தயாரித்தார்கள். நான் சந்தோஷமாக இருந்தேன்.

புதிதாக வருகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்: மாஸ்டரை நாங்கள் வைத்திருக்க மாட்டோம். நல்ல டேப் கிடைப்பது கஷ்டம். காப்பி எடுத்து முடிந்ததும் அதே டேப்பில் அடுத்த கூட்டத்தைப் பதிவு செய்வோம்.

மாடிப்படி ஏறி வந்தவர்

தேர்தல் அறிவித்த பிறகு, ஓணான் என்று திட்டுகிற கட்சியின் வேட்பாளரே எங்கள் கடை மாடிப்படி ஏறி வந்தார். அவர் பெயரை எழுதப் போவதில்லை. வேட்பாளர் என்றே சொல்கிறேன். கரும்பு போடுகிற குடும்பம். கெட்ட பெயர் இல்லாதவர். ஆட்களை வாசலில் நிறுத்திவிட்டு அவர் மட்டும் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ஏன் தம்பி, என் பேச்சுல எது நல்லா போவுது?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நோட்டை எடுத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

“இது இன்னா, ‘ம’?”

“மந்தம்ங்க. ஜனம் அசையல.”

“அங்க இன்னா பேசனேன்?”

“கெணத்து மோட்டாருக்குக் கரண்டு வர்ற நேரத்தப் பத்திங்க.”

“ஓகோ.” கண்ணாடியைக் கழற்றினார். “அதுக்கு ரெண்டு நாளு உக்காந்து குறிப்பு எடுத்தேன்.”

அடுத்த கூட்டத்தில் கிணற்று மோட்டார் வரவில்லை. ஓணானுக்கு ஒரு குட்டி பிறந்திருந்தது. நான் நோட்டில் ‘வ, சி, கை’ என்று வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தேன்.

கரியாலூர்

கல்வராயன் மலையில் கூட்டம் போடுவது கட்சிகளுக்கு ஒரு சடங்கு. ஓட்டு கம்மி, ஏறுவது கஷ்டம், ஆனால் போகாமலும் இருக்க முடியாது. வேட்பாளரின் வேனுக்குப் பின்னால் எங்கள் ஜீப், கச்சிராயபாளையம் தாண்டி வளைந்து வளைந்து ஏறியது. மடியில் டெக்கை வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரியாலூருக்கு மதியம் போய்ச் சேர்ந்தோம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பெஞ்சுகளைச் சேர்த்து மேடை. ஜெனரேட்டர் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. சுற்றுப்பக்க ஊர்களிலிருந்து ஜனம் நடந்து வந்து தரையில் உட்கார்ந்திருந்தது.

வேட்பாளர் ஓணானை இறக்கினார். சிரிப்பு இல்லை. குட்டியை இறக்கினார். சிரிப்பு இல்லை. அவர் யாரைத் திட்டுகிறார் என்றே அங்கே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. வேன் பக்கம் நின்ற கட்சிக்காரர்கள் மட்டும் சிரித்தார்கள். முக்கால் மணி நேரம் இப்படிப் போனது. நானே கொட்டாவி விட்டேன்.

அப்போது முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார். சடையன் என்று பெயர், பிறகுதான் தெரியும். சாமையும் கேழ்வரகும் போடுகிற குடியானவர். நாற்பத்தைந்து வயது இருக்கும்.

“ஐயா, நான் ஒண்ணு கேக்கலாங்களா?”

“கேளுங்க பெரியவரே.”

டேப் முதல் பக்கம் முடிகிற நேரம். பட் என்று நின்றது. நான் அவசரமாகத் திருப்பிப் போட்டேன்.

சடையன் கேட்டது இதுதான். “ஒதுக்கீடு ஒதுக்கீடுன்னு கீழ சண்டை நடக்குதுன்றாங்க. மலை ஜனம் எங்களுக்குச் சட்டத்துல இருக்குதுன்னும் சொல்றாங்க. ஆனா சாதி சர்டிபிகேட்டு கையில இருந்தாத்தானுங்க அது? அதுக்கு ஒரு கையெழுத்துக்கு ஒரு தபா எறங்கணும். மூணு கையெழுத்து. ஒருத்தரு இருந்தா ஒருத்தரு கேம்பு போயிருக்காரு. ஒவ்வொரு தபாவும் ரெண்டு நாளு வேலை போவுது. எம் பொண்ணு படிச்சிருக்குது. டீச்சர் ட்ரெய்னிங் சேரணும்னுது. நீங்க ஜெயிச்சா இதுக்கு இன்னா பண்ணுவீங்க?”

வேட்பாளர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். அவருடைய ஆள் ஒருவர் மேடைக்குக் கீழிருந்து, “சக்கைக்கு பதில் சொல்லுங்கண்ணே” என்று எடுத்துக் கொடுத்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார், குரலை உயர்த்தாமல்.

மாதம் ஒரு நாள், முதல் செவ்வாய்க்கிழமை, கையெழுத்துப் போட வேண்டிய மூன்று பேரும் மலைக்கு வர வேண்டும். இதே பள்ளிக்கூடத்தில் ஒரே மேசை. மனுவை அன்றே வாங்கி, அன்றே விசாரிக்க வேண்டும். அடுத்த மாதம் அதே மேசையில் சான்றிதழைக் கையில் கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் ரோடு போனால் என்ன செய்வது என்பதைக்கூடச் சொன்னார். “ஜெயிச்சா மொத வேலையா இத்தச் செய்வேன். தோத்தாலும் வந்து கேப்பேன்” என்றார்.

மறுபடி சக்கைக்குத் திரும்பும் முன் இப்படி ஒன்பது நிமிஷம் பேசினார். யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். ஒரு குழந்தை அழுதது, அதையும் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்கள். டெக்கில் ஊசி அடியிலேயே கிடந்தது.

நான் நோட்டில் ‘ம’ என்று எழுதினேன்.

“இங்கதான் எங்கப்பா எழுந்தாரு”

வேட்பாளர் ஜெயித்தார். சில மாதங்கள் கழித்து ஒரு காலையில், சடையனும் அவர் மகள் அலமேலுவும் கடைக்கு வந்தார்கள். விடிவதற்கு முன்னால் புறப்பட்டிருக்க வேண்டும். சடையனின் காலில் மலைச் செம்மண் காய்ந்திருந்தது. அலமேலு கையில் துணிப்பையில் பள்ளிச் சான்றிதழ்கள்.

“மலையில கூட்டம் போட்டப்போ நீங்கதான பெட்டிய வெச்சிக்கினு குந்தினு இருந்தீங்க?” என்றாள்.

“ஆமா.”

“அந்தக் கேசட்டு வேணுங்க.”

ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு மனுப் போடக் கடைசி நாளுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. சடையன் மூன்று தடவை இறங்கி ஒரு கையெழுத்து வாங்கியிருந்தார். முதல் செவ்வாய்க்கிழமை முகாம் வரவில்லை. எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனால் வாசலில் இருந்தவர்கள், “அண்ணன் ஆயிரம் பேசுவாரு. இத்தச் சொன்னாருன்னு ஆதாரம் இருக்குதா?” என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தை நான் பதிவு செய்தது ஞாபகம் வந்து, அலமேலு நேரே எங்களிடம் வந்துவிட்டாள்.

“இவ்ளோதானா?” என்று உற்சாகமாக எழுந்தேன். கரியாலூர் என்று எழுதிய காப்பியை எடுத்துப் போட்டேன். இருவரையும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

ஓணான் வந்தது. குட்டி வந்தது. சடையன் தலையைக் குனிந்துகொண்டு பொறுமையாகக் கேட்டார். திடீரென்று அலமேலு கையை உயர்த்தினாள். “இங்கதான். இந்த வார்த்தை முடிஞ்சதும்தான் எங்கப்பா எழுந்தாரு.”

டொக் என்று ஒரு சத்தம். பாஸ் பட்டன். அடுத்து, சக்கை.

“திருப்பிப் போடுங்க தம்பி, தாண்டிப் போச்சி” என்றார் சடையன்.

திருப்பிப் போட்டேன். டொக். சக்கை. இன்னொரு முறை போட்டேன். எனக்கு அதற்குள் புரிந்துவிட்டது. அவருக்குப் புரியவில்லை. பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, அதன் தலையில் மெல்லத் தட்டிப் பார்த்தார்.

“வெட்டிட்டீங்களா?” என்றாள் அலமேலு.

“மாஸ்டர் இருக்கும், பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு அலமாரியைக் கலைத்தேன். டேப் இருந்தது. அதன் மேல் இன்னொரு கட்சியின் கூட்டம் ஏறியிருந்தது. கடைசி வரை ஓட்டினேன். அந்தக் கூட்டத்தில் பேச்சாளருக்குச் சால்வை போட்ட இடைவெளியில் நான் டேப்பை முன்கூட்டியே திருப்பி, மறுபக்கத்தை ஆரம்பத்துக்கே சுற்றிவிட்டிருந்தேன். அதனால் முதல் பக்கத்தின் வாலில் கொஞ்சம் பழையது மிஞ்சியிருந்தது. ஜெனரேட்டர் இரைச்சல் கேட்டது. பிறகு தெளிவாக: “ஐயா, நான் ஒண்ணு கேக்கலாங்களா?” “கேளுங்க பெரியவரே.” பட்.

சடையன் தன் குரலைக் கேட்டு முகம் மலர்ந்தார். “அட, இருக்குது பாரு!”

மறுபக்கம் முதல் அங்குலத்திலிருந்தே அழிந்திருந்தது.

“இத்த காப்பி போட்டுத் தரட்டுமா?” என்று கேட்டேன்.

“கேள்விய நாங்களே கேட்டுக்குவோங்க” என்றாள் அலமேலு. “பதிலுதான் வேணும்.”

நல்ல யோசனை

தனகோட்டி அண்ணனிடம் சொல்லாமல் அவர்களோடு புறப்பட்டேன். நான் கேட்டேன் என்று சொன்னால் போதும் என்று நினைத்தேன். எம்.எல்.ஏ. வீட்டு முற்றத்தில் இருபது பேர் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவரே கை நீட்டிக் கூப்பிட்டார்.

“வாப்பா கேசட்டு! கரியாலூர் கேசட்ட இன்னும் வண்டியில போட்டுக்கினுதான் இருக்கேன்.”

விஷயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். “செவ்வாக்கெழமையா? மேசையா? இல்லியேப்பா. ஓணான்ல ஆரம்பிச்சேன், சக்கையில முடிச்சேன். நீ போட்டதத்தான் தெனம் கேக்கறேன், எனக்குத் தெரியாதா?”

மழுப்புகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். மழுப்பவில்லை. அத்தனை ஊரில், அத்தனை மேடையில் பேசியவருக்கு அந்தப் பேச்சில் ஞாபகம் இருந்தது நான் வெட்டிக் கொடுத்த ஒரு மணி நேரம் மட்டும்தான்.

அலமேலு முன்னால் வந்தாள். ஒப்பிப்பதுபோல இல்லாமல் நிதானமாகச் சொன்னாள். முதல் செவ்வாய், ஒரே மேசை, மூன்று கையெழுத்து, மனு அன்றே, சான்றிதழ் அடுத்த மாதம், மழைக்காலத்துக்கு என்ன ஏற்பாடு. அவர் கேட்கக் கேட்கத் தலையசைத்துக்கொண்டே வந்தார்.

“நல்ல யோசனையா இருக்குதே. யாரு பாப்பா சொன்னது?”

“நீங்கதாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். “நெசமாவா?”

“ஆமாங்க. ஒம்பது நிமிஷம் பேசினீங்க. ஜனம் கைதட்டல. நான்தான் வெட்டிட்டேன்.”

அவர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். அதற்குள் தூண் பக்கம் நின்ற ஒருவர் குரல் கொடுத்தார். “அண்ணே, இவன் அந்தப் பக்கத்துக்கும் கேசட்டு போடறவன். ரெண்டு தட்டுலயும் நக்கற பூன!”

முற்றமே சிரித்தது. இன்னொருவர், “பூனைக்கு மலையில பால் ஊத்தறாங்க போல” என்றார். மறுபடியும் சிரிப்பு. அலமேலு தலையைக் குனியவில்லை. ஆனால் காது சிவந்துவிட்டது. சடையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எம்.எல்.ஏ. சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பு அடங்கியபோது அவர் சொல்ல வந்தது போயிருந்தது. “மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க பெரியவரே, பாக்கலாம்” என்று சொல்லி அடுத்தவர் பக்கம் திரும்பினார்.

இருநூறு கூட்டத்துக்குமேல் அந்தச் சிரிப்பை நான் நோட்டில் குறித்திருக்கிறேன். அது ஒரு பேச்சை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்பதை, எதிரில் நின்றபோதுதான் பார்த்தேன்.

கையெழுத்து

தெருவுக்கு வந்ததும் அலமேலு சொன்னாள்: “மனுதான கேட்டாரு, எழுதுவோம். அன்னிக்குக் கேட்டவங்க எல்லாரும் இருக்காங்க.”

இரண்டாம் நாள் நான் கரியாலூருக்குப் போனேன். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அவள் ஒரு நீளத் தாளில் எழுத ஆரம்பித்தாள். ஒருவர் ஒரு வரியைச் சொன்னார், இன்னொருவர் திருத்தினார். “அடுத்த மாசம்னு சொல்லலம்மா, அடுத்த மாசம் அதே மேசையிலன்னு சொன்னாரு, அத்த போடு.” மழைக்கால ஏற்பாட்டை நான் மறந்தே போயிருந்தேன். ஓர் அம்மா ரோட்டின் பெயரோடு சொன்னார். யார் பேச்சையும் பிசகாமல் வைத்துக்கொள்கிறவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்திருந்தேன். நோட்டில்லாத அத்தனை பேருக்கும் அது ஞாபகம் இருந்தது.

எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள், கைநாட்டும் வைத்தார்கள். கடைசியில் அலமேலு பேனாவை என்னிடம் நீட்டினாள். “நீங்க இன்னா பண்ணீங்களோ அத்த எழுதிப் போடுங்க.”

எழுதினேன். ‘மேற்படி கூட்டத்தைப் பதிவு செய்தவன் நான். மேலே கண்டவை பேசப்பட்டன. கேசட்டிலிருந்து அவற்றை நீக்கியதும் நானே.’ பெயர், விலாசம், கையெழுத்து.

ஒரு பிரதி எம்.எல்.ஏ.வுக்கும் மற்றவை மேலதிகாரிகளுக்கும் போயின. நான்கு நாளில் தனகோட்டி அண்ணனுக்குச் செய்தி வந்துவிட்டது. அவர் கத்தவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “நீ எழுதினது தப்புன்னு சொல்லல. ஆனா மேடைப் பேச்சுக்கு சாட்சி எழுதிக் குடுக்கறவன்னு ரெண்டு கட்சிக்காரனும் படி ஏறமாட்டேன்றான். நீ படிச்சவன், எங்கனா போயிடுவ. எனக்கு இந்தக் கடைதான்டா.” நோட்டை அவரிடமே வைத்துவிட்டு இறங்கினேன். அடுத்து வந்தவருக்கு அந்த முறையை அண்ணன் சொல்லிக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மலையில் முகாம் நடந்தது. யாருடைய யோசனை என்று யாரும் சொல்லவில்லை. ஒரே மேசைதான் போட்டார்கள். மூன்று பேரும் வந்தார்கள். பிறகு இரண்டு மாதம் நடந்தது, அப்புறம் நின்றுவிட்டது. அலமேலுவின் சான்றிதழ் முதல் முகாமிலேயே எழுதப்பட்டு, அடுத்த முகாமில் கைக்கு வந்தது. அதற்குள் பயிற்சிப் பள்ளியின் கடைசி நாள் கடந்து இருபது நாள் ஆகியிருந்தது. அந்த வருஷம் போனது போனதுதான். அவள் அடுத்த வருஷம் மனுப் போட்டாள், இடம் கிடைக்கவில்லை. இந்த வருஷமும் போட்டிருக்கிறாள். இதை எழுதும் இன்று வரை பதில் வரவில்லை. நடுவில் அப்பாவோடு சாமை அறுக்கிறாள்.

போன மாதம் அவளைப் பார்த்தபோது, மன்னித்துக்கொள் என்று சொல்லப் போய்ச் சொல்ல வரவில்லை. அவள்தான் கேட்டாள், “இப்போ இன்னா வேலை?” என்று. தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். “கெடைக்கும்” என்றாள். அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சில விஷயம். மாஸ்டரை அழிக்காதீர்கள், வேறு எதிலாவது சிக்கனம் பிடியுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் காதால் கேட்டு வெட்டுங்கள். ஜனம் கை தட்டாமல் இருப்பதற்குக் காரணம் சலிப்பாகவும் இருக்கலாம், கவனமாகவும் இருக்கலாம். மீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் பட்டம் வைத்துத் திட்டுகிறார்களே தவிர, செய்யப் போவதைச் சொல்வதில்லை என்று டீக்கடையில் எல்லோரும் பேசுகிறார்கள். நானும் இரண்டு டீ குடிக்கிற நேரம் பேசியிருக்கிறேன். இப்போது பேசுவதில்லை. ஒருமுறை ஒருவர் சொன்னார். கேள்வி கேட்டவர் முகத்தைப் பார்த்து, இன்ன நாள், இன்ன இடம், இன்ன விதம் என்று சொன்னார். அதை வெட்டிப் போட்டவன் நான்.